மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் தழும்பு கிரீம்களை வாங்கலாமா?

முதலில் தழும்பை விரலால் தடவிப் பாருங்கள். மேடாகத் தட்டுப்பட்டால் சிலிகோன் ஜெல் வாங்கலாம்; இந்த வகைகளில் ஓரளவு ஆதாரம் உள்ளது அதற்குத்தான். புண் முழுதாக மூடிய பிறகு தொடங்கி, 2, 3 மாதம் விடாமல் போட வேண்டும். பலர் இரண்டே வாரத்தில் ட்யூபை மூலையில் போட்டுவிட்டு, அப்புறம் கிரீமைத் திட்டுகிறார்கள். தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்தாலோ, பரு விட்டுப்போன குழியாக இருந்தாலோ கிரீமுக்குச் செலவழிக்காதீர்கள், தோல் மருத்துவரிடம் போங்கள்.

வெங்காயச் சாறு கலந்தவற்றுக்கு ஆதாரம் பலவீனம். வைட்டமின் ஈ சிலருக்கு அரிப்பைத்தான் தரும். "முன், பின்" விளம்பரப் படங்களை நம்பவே வேண்டாம்: தழும்பு ஓராண்டு, அதற்கு மேலும்கூடத் தானாகவே மங்கும். புதுத் தழும்பு கறுக்காமலிருக்க, வெயிலில் போகும்போது எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் தடவுங்கள்.