பெரிய மாநாடோ, சின்னச் சந்திப்போ: வாசகர் கேள்விகள்

மென்பொருள் வேலையில் எனக்கு இது இரண்டாம் வருடம். கொழும்பில் நடக்கும் பெரிய மாநாட்டுக்குப் போவதா, யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் நாற்பது பேர் கூடும் சந்திப்புக்குப் போவதா?
— கோண்டாவில் வாசகர்

முதலில் திருநெல்வேலிக்கே போங்கள். மேடைப் பேச்சைப் பிறகும் பார்க்கலாம். பிரசல்ஸில் ஆயிரக்கணக்கானோர் கூடும் ஃபொஸ்டெம் என்ற திறமூல மென்பொருள் மாநாட்டு உரைகளையே வீட்டிலிருந்து இலவசமாகப் பார்க்க முடிகிறது. பேச்சு முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது ஒருவர் வந்து, “அந்தப் பிழை எங்களுக்கும் வந்தது, இப்படித்தான் திருத்தினோம்” என்று சொல்வது எந்த வீடியோவிலும் வராது. நாற்பது பேரில் பத்துப் பேருடனாவது கதைத்துவிடலாம். இரண்டாயிரம் பேர் கூடும் இடத்தில், புதிதாக வருகிறவர் கூட வந்த நண்பருடனேயே நாள் முழுக்க நின்றுவிட்டுத் திரும்புவதைப் பலமுறை பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

அப்படியென்றால் பெரிய மாநாட்டால் பயனே இல்லையா?
— மானிப்பாய் வாசகி

இருக்கிறது, தங்கச்சி. நீங்கள் நாளாந்தம் பாவிக்கும் மென்பொருளை எழுதியவர்களையே அங்கே நேரில் காணலாம். அமெரிக்கப் பைகானை எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் சில நூறு பேருடன் தொடங்கிய, பைதான் என்ற நிரல்மொழிக்கான மாநாடு அது. இன்று ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். உரைகள் முடிந்த பிறகு அங்கே எல்லோரும் கூடியிருந்து நிரல் எழுதும் ‘ஸ்பிரிண்ட்’ நாட்கள் உண்டு. திறமூல மென்பொருள் திட்டங்களைப் பராமரிப்பவர்கள் பக்கத்திலேயே இருந்து, புதியவர் தன் முதல் திருத்தத்தை அனுப்பும்வரை உதவுவார்கள். என்னைக் கேட்டால் அந்த மாநாட்டின் உயிரே அந்த நாட்கள்தான். கடைசி உரையோடு விமானம் ஏறிவிடாதீர்கள்.

ஒன்று மட்டும்: போகுமுன்பே சந்திக்க வேண்டிய மூன்று பேரைத் தெரிவுசெய்து எழுதிக் கேளுங்கள். கூட்டத்துக்குள் தேடிப் பிடிக்க முடியாது.

செலவை எப்படிச் சமாளிப்பது?
— பருத்தித்துறை வாசகர்

கொழும்பே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் போய் நேரே மண்டபத்துக்குள் நுழைந்தால் முதல் உரையிலேயே நித்திரை வரும். முதல்நாளே போய் வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். வெளிநாடென்றால் பயண உதவித்தொகை தரும் மாநாடாகப் பாருங்கள், பைகான் தருகிறது. அதற்கு மாநாட்டுக்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பா போவதற்கான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சிலவேளை 45 நாள்வரை இழுபடும்.

பேச ஆசை. ஆனால் ஆங்கிலம் தடக்குகிறது.
— சாவகச்சேரி வாசகர்

தமிழிலேயே பேசுங்கள், தம்பி. சின்னச் சந்திப்பின் பெரிய வரம் அதுதான். ஐந்து நிமிட உரை கேளுங்கள். உங்கள் வேலையில் உடைந்துபோன ஒன்றை எடுங்கள்: எப்போது உடைந்தது, முதலில் எதைச் சந்தேகித்தீர்கள், உண்மைக் காரணம் எப்படி வெளித்தது. நாலைந்து சிலைடு போதும். கேள்விக்கு நேரம் விடுங்கள். அடுத்த மாதம் அதே உரையை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். கேட்க நானும் வந்து முன்வரிசையில் இருப்பேன்.