கேஸை எழுதுங்கள், ஆறு லட்சத்தைக் கொடுக்காதீர்கள்

காங்கயத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகன் கோவையில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு, அணுசக்தித் துறையில் சேர ஆசை. இரண்டு வருடத்துக்கு முன் மாரியம்மன் நோம்பியில் நடந்த கைகலப்பில் எஃப்.ஐ.ஆரில் அவன் பெயரும் ஏறியது, பிறகு கோர்ட்டில் விடுதலை. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இடமாயிற்றே, எடுப்பார்களா என்கிறார். ஈரோட்டுப் புரோக்கர் ஒருவர் ஃபாரத்தில் கேஸ் எதுவும் "இல்லை" என்று போடச் சொல்லி, மீதியைத் தான் பார்த்துக்கொள்ள ஆறு லட்சம் கேட்கிறாராம்.

அம்மா, அந்தப் பணத்தைக் கொடுக்காதீங்க. கல்பாக்கம் அணுசக்தி மையத்தில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவன் சொல்கிறேன், உள்ளே "ஆள்" வைத்து வேலை வாங்கித் தர யாராலும் முடியாது. அணுசக்தித் துறைக்கு இன்ஜினியர்களைத் தயார் செய்யும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிக்குப் பட்டத்தில் 60 சதவீதம் வேண்டும். கேட் (GATE) என்ற அகில இந்தியப் பொறியியல் தேர்வின் மதிப்பெண் இன்டர்வியூவுக்குக் கூப்பிட மட்டும்தான், முடிவு இன்டர்வியூவில். அணுப் பொறியியல் தனியாகப் படித்திருக்க வேண்டியதில்லை, அதை அவர்களே ஒரு வருடம் சொல்லித் தருவார்கள்.

இன்டர்வியூவில் அடிப்படையைத்தான் தோண்டுவார்கள். நம்ம ஊர்ப் பையன் ஒருவனை, கிணற்று மோட்டார் தண்ணி கீழே போனதும் ஏன் சத்தம் போடுகிறது என்று கேட்டேன். ஃபுட் வால்வு என்று ஆரம்பித்து, உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைந்து தண்ணீர் குமிழியாவது வரை வந்தான். அணு உலையின் பம்பிலும் அதே பயம் உண்டு. இதைப் புரோக்கரால் சொல்லிக்கொடுக்க முடியாது.

இனி கேஸ். வேலைக்குத் தேர்வானதும் நம்மைப் பற்றிய விவரங்களை நாமே உறுதி சொல்லி எழுதித் தரும் அட்டெஸ்டேஷன் ஃபாரம் ஒன்று வரும். உண்மையை மறைத்தால் தகுதி போகும் என்று அதிலேயே எச்சரிக்கை இருக்கும். கேள்வியை ஒவ்வொரு சொல்லாகப் படிக்கச் சொல்லுங்க: "எப்போதாவது" கைது செய்யப்பட்டதுண்டா, வழக்கு நடந்ததுண்டா? இப்போது கேஸ் இருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை. விடுதலையானாலும் எழுதணும். அபராதத்தோடு முடிந்திருந்தாலும் எழுதணும். வக்கீல் "அது முடிஞ்சு போச்சு" என்றாலும் எழுதணும். விடுதலை ஆனதால் எழுத வேண்டாம் என்று நினைத்து மாட்டியவர்கள்தான் அதிகம். பவானிப் பக்கம் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் புரோக்கர் பேச்சைக் கேட்டு "இல்லை" என்று போட்டான். போலீஸ் விசாரணையில் அது வெளிவந்து வேலை ஆர்டர் ரத்தானது. அந்தக் கேஸை எழுதியிருந்தால் யாரும் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள் என்பதுதான் என் ஆற்றாமை.

எழுதினாலும் துறை அதை எடைபோட்டுப் பார்க்கும், அந்த அதிகாரத்தை 2016இல் உச்ச நீதிமன்றமே ஒத்துக்கொண்டது. சின்னக் கைகலப்பு, அதுவும் விடுதலை என்றால் நான் பயப்பட மாட்டேன்.

போலீஸ் விசாரணைக் கோப்பு ஸ்டேஷனுக்கும் எஸ்.பி. ஆபீசுக்கும் நடுவே மாதக்கணக்கில் கிடக்கும். ஒரு கையெழுத்துக்கு இத்தனை நாள் ஏன் என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. வீட்டில் பதறும் அந்த மாதங்களில்தான் புரோக்கர் மறுபடி போன் பண்ணுவான். எடுக்காதீங்க.

இப்போதே கோர்ட்டில் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்கி வையுங்க. மூன்றாம் ஆண்டிலேயே கேட் எழுதலாம், பிப்ரவரியில் வரும்.