கடையில் நானும் கூடவே உட்காரலாமா?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. பாலிடெக்னிக் முடித்தவன். பைக் விபத்தில் தலையில் அடிபட்டுப் பிழைத்து வந்தான். இப்போது நன்றாக நடக்கிறான், பேசுகிறான். தெருமுனை ஹார்டுவேர் கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். சொன்னதை மறந்துவிடுகிறான், மதியத்துக்கு மேல் எரிந்து விழுகிறான். சோம்பேறி என்கிறார் கடைக்காரர். நானும் போய்க் கூட உட்காரலாமா?
- ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்

பதில் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் - அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்குபவர், புதுச்சேரி):

வேண்டாம்மா. நீங்கள் பக்கத்தில் இருந்தால் கடைக்காரர் உங்களிடம்தான் பேசுவார், அவனிடம் பேச மாட்டார்.

இது சோம்பேறித்தனம் இல்லை. தலைக்காயத்துக்குப் பிறகு, முன்பு தானாக நடந்த வேலைகளைக்கூட மூளை கவனம் வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. சீக்கிரம் களைத்துவிடும். எரிச்சலும் பெரும்பாலும் அந்தக் களைப்பில் வருவதுதான். இப்போதைக்குக் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை மட்டும் வேலை கேளுங்கள். சம்பளம் பாதியானாலும் சரி. சாப்பிட்டுப் படுத்தால் எழுப்பாதீர்கள்.

"முக்கால் இஞ்ச் எல்போ நாலு, டெஃப்லான் டேப் ரெண்டு, பால் வால்வு ஒண்ணு" என்று வாடிக்கையாளர் ஒரே மூச்சில் சொன்னால் அவனுக்கு எல்போ மட்டும்தான் நிற்கும். சட்டைப்பையில் சின்ன நோட்டு இருக்கட்டும். கேட்டதை எழுதி, வாடிக்கையாளரிடம் ஒருமுறை படித்துக் காட்டி, எடுக்க எடுக்க டிக் அடிக்கட்டும். அவன் கையாலேயே எழுதட்டும். கோணல்மாணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். மணிக்கொரு தரம் போன் போட்டு ஞாபகப்படுத்துகிறீர்களா? (முக்கால்வாசி அம்மாக்கள் செய்கிறார்கள்.) நிறுத்திவிடுங்கள். அலாரம் வைத்துக்கொள்ளட்டும்.

அடிபட்ட விஷயத்தைக் கடைக்காரரிடம் எவ்வளவு சொல்வது என்பதை மகன்தான் முடிவு செய்ய வேண்டும். "ஒரு நேரத்துல ஒரு வேலை சொல்லுங்கண்ணே, எழுதிக்கிறேன்" என்று அவன் வாயால் சொன்னாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அப்புறம் மாற்றுத்திறனாளி சான்றிதழ். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் மூளைக்காயம் என்று தனி வகை கிடையாது. அதனால் விளைந்த குறைபாட்டைத்தான் டாக்டர்கள் மதிப்பிடுவார்கள். ஐந்து நிமிடம் பேசினால் உங்கள் மகன் எந்தக் குறையும் இல்லாதவனாகத் தெரிவான். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், நினைவாற்றல் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று வந்தால், அரசு வேலைக்கான 4 சதவீத இடஒதுக்கீட்டில் முயற்சி செய்யலாம்.

வலிப்பு வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தால் ஏணி போட்டு மேல் ரேக்கில் சாமான் எடுப்பதும், பைக் ஓட்டுவதும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை கூடாது. இதை மட்டும் கடைக்காரரிடம் அவசியம் சொல்லிவையுங்கள்.