கணக்குக் கேள்வி பதில்: 214 கோடியில நிக்கிற நம்பர்

கேள்வி: அண்ணே, என் பையன் மெட்ரிக் எழுதப் போறான், ஆனா பாதி நேரம் போன்ல கேம்தான். அதுல சேத்த காசு 2147483647-ல வந்து நின்னுடுச்சு, அதுக்கு மேல ஒரு காசு ஏறல. "இது பகா எண்ணும்மா, யாராலயும் உடைக்க முடியாது, அதான் நிக்குது"ங்கிறான். நெசமா?
- ஒரு அம்மா, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: பகா எண்தான் தங்கச்சி, அதுல பையன் கரெக்ட். ஆனா கேம் நிக்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நிறைய கேம்ல ஒரு எண்ணுக்கு 32 பிட்டுதான் (0 இல்லன்னா 1 போடற கட்டம்) இடம், அதுல ஒண்ணு பிளஸ்ஸா மைனஸான்னு சொல்லவே போயிடும், மீதி 31 இடத்துலயும் 1 போட்டு ரொப்பினா வர்றதுதான் 2-ஐ 31 தடவை பெருக்கி ஒண்ணு கழிச்ச இந்த 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. டிரம் ரொம்பிடுச்சு, அவ்வளவுதான். சில கேம்ல நிக்காம சட்டுன்னு மைனஸுக்குப் போயிடும், இதை எழுதினவன் கொஞ்சம் வெவரமானவன் போல. 1970 ஜனவரி 1-ல இருந்து நொடி எண்ணிட்டு வர்ற பழைய கம்ப்யூட்டர் சிஸ்டம் எல்லாம் 2038 ஜனவரி 19, நம்ம தென்னாப்பிரிக்கா நேரம் காலைல 5 மணி 14 நிமிஷம் 7 செகண்டுக்கு இதே நம்பர்ல வந்து முட்டும்.

சரி, பகா எண் விஷயத்துக்கு வருவோம். 2-ஐ இப்படி அடுக்கி ஒண்ணு கழிச்சு வர்ற பகா எண்ணுக்கு மெர்சென் பகா எண்ணுன்னு பேரு, அந்த வரிசையில இது எட்டாவது. அடுக்கும் பகா எண்ணா இருந்தாத்தான் சான்ஸே, இருந்தாலும் கேரண்டி கிடையாது: 11 போட்டா 2047 வரும், அது 23 × 89. 29 போட்டாலும் 233-ஆல வகுபட்டுடும். 31 தப்பிச்சிடுச்சு! அந்த 31-ம் ஒரு மெர்சென் பகா எண்ணா போனதால இதை இரட்டை மெர்சென்னு சொல்வாங்க, அந்த வகையில இதுவரைக்கும் தெரிஞ்ச பகா எண் நாலே நாலு.

இது பகா எண்ணுன்னு 1772-ல நிரூபிச்சவர் கணித மேதை ஆய்லர். வகுத்துப் பாக்கணும்னா இதோட வர்க்கமூலம், அதாவது 46340 வரைக்கும் போகணும், மனுஷன் என்ன பண்ணாருன்னா, இதை வகுக்கிற பகா எண் இருந்தா அதை 248-ஆல வகுக்கும்போது மீதி 1 இல்லன்னா 63 தான் வரும்னு காட்டி 372 வகுத்தல்ல வேலையை முடிச்சிட்டாரு. அப்போ அவருக்குப் பார்வை கிட்டத்தட்ட போயாச்சு. பையன்கிட்ட இதைச் சொல்லுங்க, கால்குலேட்டர் எங்கன்னு தேடறதுக்கு முன்னாடி.

கேள்வி: இதே எண்ணுக்கும் நிறைவு எண்ணுக்கும் தொடர்பு உண்டாமே?
- வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: உண்டு. 6-ஐ வகுக்கிற 1, 2, 3-ஐக் கூட்டினா 6-ஏ வருதில்ல, அதுதான் நிறைவு எண். நம்ம நம்பரை 2-இன் 30-ஆம் அடுக்கால பெருக்கினா 2305843008139952128, அதுவும் அப்படித்தான். இதைவிடப் பெருசா இனி யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க, பிரயோஜனமில்லாத வேலைன்னு 1811-ல பீட்டர் பார்லோங்கிற இங்கிலாந்துக் கணக்கு நிபுணர் எழுதி வச்சாரு. அவர் சொன்னது பொய்யாப் போச்சு: 2024-ல கிடைச்ச மெர்சென் பகா எண்ணுக்கு மட்டும் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கம்.