புதிய தொழிற்சங்கப் பொறுப்பாளருக்கு எங்கே பயிற்சி கிடைக்கும்?

கிளைச் செயலாளராகப் புதிதாகத் தேர்வானவருக்கு முறையான பயிற்சி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1958-ல் மத்தியத் தொழிலாளர் கல்வி வாரியம் தொடங்கப்பட்டது. இப்போது அது தொழிற்சங்கத் தலைவர் தத்தோபந்த் தெங்கடியின் பெயரில் இயங்குகிறது. சென்னையிலும் மண்டல மையம் உண்டு.

இதன் ஆரம்பகால அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் கல்வி அலுவலர்களைத் தயார் செய்தார்கள். அவர்கள் ஆலைகளில் வேலை செய்பவர்களிலிருந்தே தொழிலாளர் ஆசிரியர்களை உருவாக்கினார்கள். அந்த ஆசிரியர்கள் திரும்பிப் போய்த் தங்கள் ஆலையிலேயே சக தொழிலாளர்களுக்கு வகுப்பெடுத்தார்கள். பக்கத்து மெஷினில் நிற்பவர் சட்டம் சொல்லித்தரும்போது தயங்காமல் சந்தேகம் கேட்கலாமே!

நொய்டாவில் வி.வி.கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனமும் பயிற்சி தருகிறது. கிரியே ரயில்வே தொழிற்சங்கத்தில் உழைத்துக் குடியரசுத் தலைவரானவர்.

சரி, எதை முதலில் படிப்பது? தொழிலாளர் சட்டம் அவசியம்தான். ஆனால் கம்பெனியின் வரவு செலவு அறிக்கையைப் படிக்கத் தெரிவது அதைவிட அவசரம் என்பேன். "நஷ்டம், போனஸ் தர முடியாது" என்று நிர்வாகம் சொன்னால், அந்த நஷ்டம் எந்தக் கணக்கில் வந்தது என்று உங்களால் கேட்க முடிய வேண்டும். அப்புறம், சங்கக் கூட்ட முடிவுகளைப் பதியும் தீர்மானப் புத்தகத்தை ஒழுங்காக எழுதப் பழகுங்கள்.