பேசும் கருவி: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. மூளை முடக்குவாதத்தால் அவளுக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் நாங்கள் சொல்வதெல்லாம் புரிகிறது. வலது கையால் பொருள்களைத் தொட்டுக் காட்டுவாள். பொத்தானை அழுத்தினால் பேசும் எளிய கருவி ஒன்று வாங்க நினைக்கிறோம். ஒரே பொத்தான் உள்ளது முதல் முப்பத்திரண்டு பொத்தான்கள் உள்ளது வரை கிடைக்கின்றனவாம். எதை வாங்கலாம்? கருவி பழகிவிட்டால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடும் என்று என் மாமியார் அஞ்சுகிறார்.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் மாமியாரின் அச்சத்துக்கு முதலில் விடை சொல்கிறேன், பல வீடுகளில் வாங்கிய கருவி அலமாரியிலேயே கிடப்பதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். மில்லர், லைட், ஷ்லோசர் ஆகிய ஆய்வாளர்கள், சைகை, படம், கருவி போன்ற மாற்று வழிகளைப் பழகியவர்களைப் பற்றி அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி 2006-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், நம்பத்தக்க சான்று இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு, பெரும்பாலும் சிறிய அளவிலேனும், கூடியிருந்தது. கருவியால் உங்கள் மகளுக்குப் பேச்சு வந்துவிடும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் பேச்சு வருமா என்று காத்திருந்து, அவள் தன் மனத்திலுள்ளதைச் சொல்ல வழியின்றி ஆண்டுகளைக் கழிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஒற்றைப் பொத்தான் கருவி ஒருவரை அழைப்பதற்கும், பள்ளியில் நடந்ததை வீட்டில் சொல்வதற்கும் உதவும். எல்லாம் புரிந்துகொள்ளும் குழந்தைக்கு அது போதாது. நடுத்தரமான கருவிக்கு எடுத்துக்காட்டாக கோ-டாக் 9 பிளஸ் என்பதைச் சொல்லலாம். அதில் ஒன்பது பெரிய பொத்தான்களும் ஐந்து அடுக்குகளும் உண்டு; அதாவது, அதே ஒன்பது பொத்தான்களில் ஐந்து தொகுதிச் செய்திகளைப் பதிந்து, வேண்டியதற்கு மாற்றிக்கொள்ளலாம். எந்த அடுக்கிலும் மாறாத மூன்று பொத்தான்கள் தனியாக இருக்கின்றன. கணக்குப்படி 48 செய்திகளைப் பதியலாம். ஆனால் அடுக்கை மாற்றும்போதெல்லாம், எந்தப் பொத்தான் எதைச் சொல்லும் என்று காட்டும் படத்தாளையும் மாற்ற வேண்டும். அதை வேறொருவர்தான் செய்து தர வேண்டியிருக்கும். ஆகவே மொத்தம் எத்தனை செய்திகள் என்பதைவிட, ஒரே நேரத்தில் அவள் கைக்கு எட்டுவன எத்தனை என்பதையே பாருங்கள்.

பணம் கட்டும் முன், ஓர் அட்டையில் ஒன்பது கட்டங்கள் வரைந்து, படங்களை ஒட்டி, சில வாரங்கள் பயன்படுத்திப் பாருங்கள். கால்கள் ஊன்றி, முதுகு சாய்ந்து அவள் நன்றாக உட்கார்ந்திருக்கும்போது, விரல் எந்தக் கட்டங்களில் சரியாகப் படுகிறது, எங்கே வழுக்குகிறது என்பது தெரிந்துவிடும். விரல் பக்கத்துப் பொத்தானுக்குச் சறுக்கினால், துளையிட்ட மறைப்புத் தகடு பொருத்தக்கூடிய கருவியைக் கேட்டு வாங்குங்கள்.

சொற்களில்தான் பெற்றோர் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும். சோறு, தண்ணீர், கழிப்பறை என்று எல்லாப் பொத்தான்களையும் நிரப்பிவிட்டால், குழந்தைக்குக் கேட்டுப் பெற மட்டுமே வழி இருக்கும். மறுக்கவோ, அலுத்துக்கொள்ளவோ, விளையாட்டுக்கு அழைக்கவோ இயலாது. ‘வேண்டாம்’, ‘இன்னும் கொஞ்சம்’, ‘வலிக்குது’ ஆகியவை அந்த மாறாத மூன்று பொத்தான்களில் இருக்கட்டும். அவள் ‘வேண்டாம்’ என்று அழுத்தினால், இயன்றவரை அதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்கப்படாத சொல்லை எந்தக் குழந்தையும் மீண்டும் சொல்லாது. அவள் வயதுப் பெண் குழந்தை ஒருத்தியின் குரலில், நீங்கள் வீட்டில் பேசும் தமிழிலேயே பதிவு செய்யுங்கள். பொத்தான்களின் இடத்தை அடிக்கடி மாற்ற வேண்டாம். ‘தண்ணீர் எங்கே, அழுத்து’ என்று சோதிப்பதை விட்டு, அவளோடு பேசும்போது நீங்களும் கருவியை அழுத்திப் பேசுங்கள். அவள் அதைப் பார்த்துத்தான் கற்பாள்.

ஒன்பது பொத்தான்கள் அவளுக்கு விரைவிலேயே போதாமல் போகலாம். அப்போது கையடக்கக் கணினியில் இயங்கும், சென்னையில் உருவான, தமிழிலும் பேசும் ஆவாஸ் செயலியைப் பாருங்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளோருக்காக மத்திய அரசு நடத்தும் தேசிய நிறுவனத்தில் அவளைக் காட்டி ஆலோசனை பெறுவதும் நல்லது.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பின் என் தந்தையால் பேச இயலவில்லை. எழுத்துகளைத் தட்டினால் வாசித்துச் சொல்லும் கருவி அவருக்குப் பயன்படுமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: வாய்த்தசைகள் மட்டும் தளர்ந்திருந்தால் மிகவும் பயன்படும். மூளையின் மொழிப்பகுதி பாதிக்கப்பட்டிருந்தால், பேச்சோடு வாசிப்பும் எழுத்தும் குலைந்திருக்கக்கூடும். அந்நிலையில் எழுத்துப் பலகை அவரைத் திணறவே வைக்கும். குடும்பத்தினர், வீடு, அவர் வழக்கமாகச் செல்லும் இடங்கள் ஆகியவற்றின் புகைப்படங்களைப் பொத்தான்களில் வைத்த கருவியே அவருக்குப் பொருந்தும். இவ்விரண்டில் அவருடைய நிலை எது என்பதைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் கேட்டறிந்த பிறகே வாங்குங்கள்.