வெந்நீருக்கு ஒரு காரணம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் வரும் செப்டம்பரில் என்னையும் அவன் அப்பாவையும் கப்பல் பயணம் அழைத்துப் போகிறான். பார்சலோனாவில் ஏறி ஏழு இரவுகள் கழித்து அங்கேயே இறங்குகிறோம். நடுவில் மார்செய், ஜெனோவா, ரோமுக்கான துறைமுகம், நேப்பிள்ஸ், பால்மா. ஒரு நாள் மட்டும் முழுக்கக் கடல்.

கப்பலில் ஸ்பா இருக்கிறதாம். நீராவி அறை, சானா என்கிற உலர்ந்த வெப்ப அறை, வெந்நீர்க் குளம், சூடேற்றிய சாய்வு இருக்கைகள் எல்லாவற்றையும் பயணம் முடியும்வரை பயன்படுத்த ஆளுக்கு 199 டாலர் பாஸ். மசாஜ் தனி. இருவருக்கும் எடுக்கட்டுமா என்று மகன் கேட்கிறான். நம் பணத்தில் ஒருவருக்கே பதினேழாயிரம் ரூபாய்க்கு மேல். "திற்பரப்பு அருவியில் சும்மா விழுகிற தண்ணீருக்கு டாலரா?" என்கிறார் இவர். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் போனால் முதலாகுமா என்று கணக்குப் போட்டேன், ஒன்றும் தெளிவாகவில்லை. எனக்கு முட்டு வலி உண்டு. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். வலிக்கு நல்லது என்று நீங்கள் சொன்னால் எடுத்துவிடலாம். இவர் ஸ்பாவுக்கு வரமாட்டார். தனியாகப் போனால் நன்றாகவா இருக்கும் என்று தயக்கம். தூத்தூர், சின்னத்துறைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் நான். அவர்களுடைய அப்பாக்கள் உயிரைக் கொடுத்துப் பிழைக்கும் கடலில் நான் போய் வெந்நீரில் கிடப்பதா என்ற உறுத்தலும் இருக்கிறது.

பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள டீச்சருக்கு,

நம் குமரி மாவட்டத்தில் பிள்ளை பெற்றவளுக்குச் செய்யும் பேறுகாலக் குளியலைப் பற்றி ஒரு கட்டுரைக்காக வயதான பெண்களிடம் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் வேளையில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் கப்பல் ஸ்பாவைப் பற்றி நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் பயணத்தில் ஐந்து நாட்கள் துறைமுகம். காலையில் இறங்கினால் சாயங்காலம்தான் திரும்புவீர்கள். இந்த மாதிரி பாஸ் நன்றாகப் பயன்படுவது நாள்கணக்கில் கரையே காணாத பயணங்களில், அட்லாண்டிக்கைக் கடக்கும் கப்பல்களில். உங்களுக்குக் கிடைப்பது ஒரு முழு நாளும் சில இரவுகளும். ஆனால் அந்த இரவுகளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சிவிட்டாவெக்கியா துறைமுகத்திலிருந்து ரோம் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். ரயிலில் போய், கல் பாவிய தெருக்களில் பகல் முழுக்க நடந்து, திரும்ப ரயில் பிடித்து வந்து சேரும்போது கால் என்ன பாடுபடும் என்பது உங்களுக்கே தெரியும். அன்று இரவு சூடான ஓடு பதித்த இருக்கையில் அரைமணி நேரம் சாய்ந்து கிடப்பதை எந்த மணிக்கணக்கில் சேர்ப்பீர்கள்? முதலாக வேண்டும் என்றே பாஸ் எடுப்பவர்கள், அது வீணாகிறதே என்று ரோமைப் பாதியில் விட்டு ஓடி வருவார்கள். அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

முன்பணம் கட்ட அவசரப்பட வேண்டாம். கப்பலில் ஏறிய அன்று ஸ்பாவைச் சுற்றிக் காட்டுவார்கள். பெட்டி அறைக்கு வருவதற்குள் நேராக அங்கே போங்கள். பாஸை அளவோடுதான் விற்பார்கள், முதல் நாளே தீர்ந்துபோவதும் உண்டு. எத்தனை சாய்வு இருக்கைகள், இரவு எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று பாருங்கள். சாயங்காலமே மூடிவிடுவார்கள் என்றால் உங்கள் பயணத்துக்கு அது வேண்டாம். மகன் ஜெர்மனியில் இருப்பதால் இன்னொன்றையும் விசாரிக்கச் சொல்லுங்கள்: ஜெர்மன் பயணிகளுக்காகவே ஓடும் கப்பல்களில் சானாவுக்குள் உடையில்லாமல் போவதுதான் வழக்கம். மற்றக் கப்பல்களில் பெரும்பாலும் நீச்சலுடை கட்டாயம். கைகால் மூடிய நீச்சலுடைகள் கிடைக்கின்றன, இங்கேயே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மசாஜுக்கு ஆசைப்பட்டால் துறைமுக நாளில் கேளுங்கள், விலை குறைப்பார்கள். பல கப்பல்களில் பில்லின்மேல் 18 சதவீதமோ அதற்கு மேலோ சேவைக் கட்டணம் தானாகச் சேரும். மசாஜ் முடிந்ததும் கடற்பாசிப் பொடி, உடம்பின் நச்சை எடுக்கும் தைலம் என்று எதையாவது நீட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். நச்சை எடுக்கிற வேலையை உங்கள் கல்லீரலும் சிறுநீரகமும் காசு வாங்காமல் செய்கின்றன.

திற்பரப்பு விஷயத்தில் சாரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். குடும்பத்தோடு அங்கே போன நாட்களில் ஒருநாளாவது அவர் துணிமூட்டையையும் பேரப்பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு கரையில் நின்று, நீங்கள் போதும் போதும் என்கிறவரை நனைய விட்டிருக்கிறாரா?

மீனவர் உறுத்தலை இங்கே கொண்டுவராதீர்கள். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு அந்தக் கரை கேட்டது, ஆழ்கடலில் போனவர்களை உடனே தேடும் ஏற்பாட்டையும் தகவல் தொடர்புக் கருவிகளையும். நீங்கள் வெந்நீரில் இறங்காமல் இருப்பதால் ஒரு படகுக்கும் அது கிடைக்கப்போவதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தீர்களே, அது பெரிய காரியம். அதற்குமேல் செய்ய மனமிருந்தால் செய்யுங்கள், வழியா இல்லை? பாஸோடு சேர்த்துக் குழப்பாதீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது வேறொரு வரியில். "வலிக்கு நல்லது என்று நீங்கள் சொன்னால் எடுத்துவிடலாம்." ஏன் டீச்சர், முட்டு வலி இல்லாவிட்டால் என்ன செய்திருப்பீர்கள்? விடியுமுன் எழுந்து வீட்டு வேலையை முடித்து, பஸ்ஸில் தொங்கி, நாள் முழுக்க நின்றுகொண்டே பாடம் நடத்தி, திரும்பி வந்து மறுபடி அடுக்களையில் நின்ற உடம்பு அது. அதை வெந்நீரில் இறக்க ஒரு நோய் வந்து சிபாரிசு செய்ய வேண்டுமா? யாரிடம் காட்டுவதற்கு இந்தச் சான்றிதழ்? மகன் கேட்கவில்லை. கொடுக்கிறேன் என்றுதான் சொல்கிறான்.

என் சித்தி கருங்கல் பக்கம் முந்திரி ஆலையில் வேலை பார்த்தாள். அண்டி ஆபீஸ் என்போம். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துத் தட்டி உடைக்கிற வேலை. தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரித்துவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். அப்படியும் அவளுடைய விரல் நுனிகளும் நகக்கண்களும் கறுத்துத்தான் கிடக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. அவள் பேறுக்காகப் பாட்டி வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். மருத்துவச்சி காலையிலேயே வந்துவிடுவாள். தன்வந்தரம் குழம்பு என்கிற மருந்தெண்ணெயைச் சூடாக்கி உச்சி முதல் பாதம்வரை தேய்த்து ஊற வைப்பாள். புளியிலை, நொச்சி, ஆமணக்கிலை, பலா இலை எல்லாம் போட்டுக் கொதித்த வெள்ளம் அண்டாவில் கறுத்துக் கிடக்கும். தண்ணீரை வெள்ளம் என்போம். பொறுக்கும் சூட்டில் அதைக் கோரி இடுப்பிலும் அடிவயிற்றிலும் ஓங்கி வீசுவாள். ஓலை மறைப்புக்குள் சித்தி ஒரு பலகையில் குனிந்து உட்கார்ந்திருப்பாள், முதுகெங்கும் புளியிலைத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். பக்கத்தில் கமுகம்பாளையில் கிடத்திய குழந்தை கத்தும். அவள் திரும்ப மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு "இன்னும் கொஞ்சம்" என்பாள். தனக்கென்று எதையும் இன்னும் கொஞ்சம் என்று அவள் கேட்டு நான் பார்த்தது அங்கே மட்டும்தான்.

நாள் கணக்கு முடிந்ததும் அண்டா பரணுக்கு ஏறியது, சித்தி ஆலைக்குப் போனாள். இடுப்பு கழன்று விழுகிறது என்று அவள் சொன்ன காலத்தில் யாரும் போய் இலை பறிக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அடுத்த பிள்ளைக்குத்தான் அண்டா இறங்கியது.

அந்தக் குளியலைப் பற்றி இப்போது பலரும் மரபு, தாய்மைக்கு நம் முன்னோர் செய்த மரியாதை என்று உருகி எழுதுகிறார்கள். குளியல் நல்ல குளியல்தான். ஆனால் பெற்றுக் கொடுத்தால் வெந்நீர், விழுந்து கிடந்தால் ஓய்வு என்று ஒரு ஏற்பாடு அதற்குள் இருந்ததே, அதை யாராவது எழுதுகிறார்களா? நான் பேசிய பாட்டிமார் அந்த நாட்களைச் சொல்லும்போது பிள்ளையைப் பற்றிச் சொல்வது கொஞ்சம், வெள்ளத்தைப் பற்றிச் சொல்வதுதான் அதிகம். எந்த இலை, என்ன சூடு, யார் ஊற்றினார்கள் என்று இந்த வயதிலும் மறக்காமல் சொல்கிறார்கள். வேறு எப்போதுமே கிடைக்காத ஒன்று என்றால் மறக்குமா? அந்த ஏற்பாடு போய்விட்டது என்றும் எண்ண வேண்டாம். மத்தியானம் கொஞ்சம் படுக்க வேண்டுமென்றால் இன்றைக்கும் ஒரு பெண் தலைவலி என்று சொல்ல வேண்டியிருக்கிறது. "உடம்புக்கு முடியவில்லையா?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை, சும்மா படுத்திருக்கிறேன்" என்று சொல்லத் துணிவு வரமாட்டேன் என்கிறது. சாயங்காலம் முக்கில் போய் நின்று பேசிவிட்டு வரும் ஆண்களிடம் யாராவது என்ன நோய் என்று கேட்கிறார்களா? மாதச் சம்பளம் வாங்கி, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் படிக்கவைத்த நீங்களும் 199 டாலருக்கு முன்னால் முழங்காலைத் தடவிக் காட்டுகிறீர்கள். உங்கள் வகுப்பில் இருந்த பெண்பிள்ளைகள் பாடத்தோடு சேர்த்து இதையும்தான் உங்களிடம் பார்த்துப் படித்திருப்பார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கேட்டுவிட்டீர்கள், அதனால் வலிக்கும் பதில் சொல்கிறேன். சூடு வலியையும் இறுக்கத்தையும் கொஞ்ச நேரம் தணிக்கும், தேய்ந்த மூட்டைச் சரிசெய்யாது. அதற்கு ஊர் திரும்பியதும் கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனையிலோ எலும்பு டாக்டரிடமோ காட்டுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சானாவிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றி விழலாம். சர்க்கரையால் பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் சுடுவதே தெரியாது, கொப்புளம் கண்ட பிறகுதான் தெரியும். கிளம்புமுன் டாக்டரிடம் பாதத்தைக் காட்டிக் கேளுங்கள். அவர் கூடாது என்றால் பாஸ் வேண்டாம், அதில் என் பேச்சு எடுபடக் கூடாது.

நேப்பிள்ஸில் இறங்கும் அன்று வேறெங்கும் அலையாமல் பாம்பேய்க்குப் போங்கள். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை மூடிய நகரம். அங்கே ஸ்டேபியன் குளியலகம் இருக்கிறது. தரையைச் சிறு தூண்கள்மேல் எழுப்பி, அடியில் உலையின் வெப்பக்காற்றை ஓடவிட்டுச் சூடாக்கியிருக்கிறார்கள். ஆண்களுக்கு ஒரு பகுதி, பெண்களுக்குத் தனியாக ஒரு பகுதி. பிள்ளை பெறாதவளும் நோயில்லாதவளும் வந்து குளித்துப் போன அறைகள் அவை. முட்டு ஒத்துழைக்கிற வரை அந்தப் பெண்கள் பகுதியில் நின்று பாருங்கள். என் கட்டுரைக்காக ஒரு புகைப்படமும் எடுத்து அனுப்புங்கள்.

மகனிடம் ஒரு பாஸ் போதும் என்று சொல்லுங்கள், உங்கள் பெயரில். வரமாட்டேன் என்கிறவருக்கு எதற்கு 199 டாலர்? மேல்தளத்து நீச்சல்குளத்துக்குக் கட்டணம் இருக்காது, சார் அங்கே உட்கார்ந்து கடலைப் பார்க்கட்டும். தனியாகப் போனால் நன்றாகத்தான் இருக்கும், அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் பேசாமல் கண்ணை மூடிக் கிடக்கத்தான் வருகிறார்கள். வலி குறைந்ததா என்று மகன் கேட்டால், நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள். கடல்நாளன்று காலைச் சாப்பாடு முடிந்து சற்று ஆறியதும் போய்விடுங்கள், மதியத்துக்குமேல் கூட்டம் சேரும். குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போக மறக்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா